இடது முன்டயரின் வீக்கம்

டயர் வெடிக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளே. நீங்கள் கேள்விப்பட்ட கதையில் பாதி சரி. அப்பா வேலையை விட்டது ஒரு டயருக்காகத்தான். ஆனால் 'அவனுக்குக் கிறுக்கு' என்று சாலைக் கடைத்தெருவில் சொல்கிறார்களே, அந்த மீதிப் பாதியை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எட்டாவதோடு நின்ற எழுத்து இது. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அப்போது ஆரியசாலையில் ஓர் அரிசி மொத்த வியாபாரிக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். அவரும் நம்மைப் போலத் திருநெல்வேலிப் பக்கமிருந்து இந்த மலையாள ஊருக்கு வந்தவர்தான். ஊரே கூப்பிடுகிற மாதிரி நானும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். நல்ல மனிதர். உங்களைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அவர்தான் ஆள்விட்டுச் சொன்னார், அதை மறைக்கக் கூடாது. பெட்ரோல் விஷயத்தில் மட்டும் அவருக்கு ஒரு பிடிவாதம். ஸ்டியரிங்குக்குப் பின்னால், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் போகிறது என்று ஓர் எண் தெரியும். முன்சீட்டில் உட்கார்ந்தால் அவர் ரோட்டைப் பார்க்க மாட்டார், கழுத்தை நீட்டி அந்த எண்ணையே பார்ப்பார். "குறையுதேடே" என்பார். கரமனை சிக்னலில் நின்றுகொண்டிருந்தால் குறையாமல் என்ன செய்யும்?

அதை ஏற்ற இரண்டு வழி வைத்திருந்தார். ஒன்று, காற்று. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் உள்ளே ஒரு ஸ்டிக்கர் இருக்கும், டயருக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று. எங்கள் காருக்கு முப்பத்து மூன்று. அண்ணாச்சியோ பெட்ரோல் பங்கில் கண்ணாடியை இறக்கி, "நாப்பத்தஞ்சு வை. கல்லு மாதிரி இருந்தாத்தான் உருளும்" என்பார். அவர் பேச்சில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. காற்று குறைந்த டயர் தரையில் அப்பிக்கொண்டு உருளும், இழுப்பதற்கு எஞ்சின் திணறும், பெட்ரோல் கூடக் குடிக்கும். ஆனால் ஸ்டிக்கரைத் தாண்டி ஏற்றினால் மிச்சமாவது சொற்பம். டயரின் நடுப்பகுதி மட்டும் தேயும். பள்ளத்திலோ சாக்கடை ஓரத்து ஓடைக்கல் விளிம்பிலோ இடித்தால் அந்த டயர் நெளிந்து கொடுக்காது, அடி முழுவதையும் தானே வாங்கிக்கொள்ளும். எங்கள் சந்துகளில் லாரிக்கு ஒதுங்கி ஓடைக்கல்லில் ஏறாத நாள் உண்டா?

இரண்டாவது வழி, ஸ்டெப்னியை இறக்கிக் குடோனில் வைத்தது. எடை குறைந்தால் பெட்ரோலும் குறையுமாம். நான் வேண்டாம் என்றேன். "ஓட்டுறது நீ, யோசிக்கிறது நான்" என்றார்.

அவர் மகனுக்குத் திருநெல்வேலியில் நிச்சயதார்த்தம். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் கிளம்பினோம். முன்சீட்டில் அண்ணாச்சி, மடியில் பேத்தி. பின்னால் அவர் மனைவி, மகள், மாப்பிள்ளையாகப் போகிற மகன். டிக்கி முழுக்கச் சீர்த்தட்டுகள். வழக்கப்படி பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம். எல்லாரும் ஏறிவிட்டார்கள். சக்கரத்துக்கு முன்னால் தேங்காய்ச் சில்லு கிடந்தது, டயரைக் கிழித்துவிடக் கூடாதே என்று எடுக்கக் குனிந்தேன். சக்கரத்தை ஒடித்து நிறுத்தியிருந்ததால் இடது முன்டயரின் உள்பக்கம் தெரிந்தது. வண்டி கழுவும்போது கண்ணில் படாத இடம். அங்கே பக்கச்சுவரில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வீக்கம்.

தலையணை உறையில் இழை விட்டுப்போன இடத்தில் பஞ்சு பிதுங்குமே, அந்த மாதிரி. ரப்பருக்குள் டயரைத் தாங்குகிற நூல் இற்றுப்போனால்தான் அப்படி வீங்கும். அதற்குப் பஞ்சர் ஒட்ட முடியாது. வெறும் ரப்பர்தான் அத்தனை காற்றையும் பிடித்துக்கொண்டிருந்தது.

"என்னடே, குனிஞ்சவன் எழும்பவே இல்ல?" என்றார் அண்ணாச்சி.

"டயர் சைடுல வீங்கிருக்கு அண்ணாச்சி. இதை வச்சு அவ்வளவு தூரம் போகக் கூடாது. குடோன் பக்கந்தான். திருப்பிப் போயி ஸ்டெப்னிய மாட்டிட்டு வந்துருவோம்."

"தேங்கா உடைச்சுப் புறப்பட்ட வண்டியத் திருப்பச் சொல்லுதியா? நிச்சயத்துக்குப் போற வண்டிடே இது."

"திருப்ப வேண்டாம். நீங்க இருங்க, நான் ஓடிப்போயி டயர உருட்டிட்டு வாரேன்."

"அதுக்குள்ள ராகுகாலம் வந்துரும். ஏறு."

பூ விற்கிற அம்மா எங்களைப் பார்த்து, "சேட்டா, வண்டி ஒண்ணு மாத்திக்கே, பொறகே ஆளு நிக்குன்னு" என்று வண்டியை நகர்த்தச் சொல்லி மலையாளத்தில் சத்தம் போட்டாள். பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன.

"அதான் பிள்ளையாருக்கு உடைச்சாச்சுல்லா, அவரு பாத்துக்குவாரு" என்றார் அண்ணாச்சியின் மனைவி.

"அவரு காட்டித்தான் அக்கா நான் பாத்தேன்" என்றேன்.

மகள் சிரித்துவிட்டாள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. "இப்ப ஓட்டலேன்னா இனிமே ஓட்ட வேண்டாம்" என்றார். நான் சாவியை அவர் கையில் கொடுத்தேன். தன் நிச்சயத்துக்குத் தானே ஓட்ட வேண்டியதாயிற்றே என்று முணுமுணுத்துக்கொண்டு மகன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான். "காத்தையாவது குறைச்சுக்கோ தம்பி, மெதுவாப் போ" என்றேன். கேட்டானோ என்னவோ. வண்டி போய்விட்டது.

போனார்கள், வந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் கடைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். கணக்குப்பிள்ளை, மூட்டை தூக்குகிறவர்கள், எல்லாரும் இருந்தார்கள். மேஜைமேல் சாவி. "பாத்தியாடே, போயிட்டு வந்தாச்சு. தெரியாமச் சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு, சாவிய எடுத்துக்கோ" என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

நான் வெளியே நின்ற வண்டியைக் குனிந்து பார்த்துவிட்டு வந்தேன். "வீக்கம் கூடியிருக்கு அண்ணாச்சி. டயர மாத்துங்க, ஸ்டெப்னிய டிக்கியில வைங்க, இன்னைக்கே ஓட்டுதேன். தெரியாமச் சொன்னேன்னு மட்டும் சொல்ல மாட்டேன். தெரிஞ்சுதான் சொன்னேன்."

"டயர் டாக்டர் வந்திருக்காருடே, ஆளுக்கொரு ஊசி போட்டுக்கோங்க" என்றார் கணக்குப்பிள்ளை. கடையே சிரித்தது. சாவி மேஜையிலேயே கிடந்தது. நான் வந்துவிட்டேன்.

உங்கள் அம்மா அன்றைக்கு என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பாடு வைத்துவிட்டு, "குழந்த யாரு மடியில இருந்திச்சு?" என்று மட்டும் கேட்டாள். முன்சீட்டில், அண்ணாச்சி மடியில் என்றேன். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

பிறகு கொஞ்ச காலம் இங்கேயும் அங்கேயும் ஓட்டினேன். இப்போது ஸ்கூல் வேன். 'டயர் டாக்டருடெ மக்கள்', டயர் டாக்டரின் பிள்ளைகள், என்று உங்களைக் கேலி செய்கிறார்களாம். தலை குனிய வேண்டாம், சண்டைக்கும் போக வேண்டாம். ஆமாம் என்று சொல்லிவிட்டு நடங்கள். வெடித்திருந்தால் இதே ஆட்கள் என்னை மெச்சியிருப்பார்கள். அப்படி ஒரு மெச்சல் எனக்கு வேண்டாம். அண்ணாச்சியின் பேத்தி இப்போது கடை வாசலில் ஓடித் திரிகிறாள், வேனில் போகும்போது பார்க்கிறேன். நாளைக்கே அந்த மாதிரி டயரில் அவளை ஏற்றிக்கொண்டு போகச் சொன்னாலும், நான் மறுபடி இறங்கித்தான் நிற்பேன்.