நூற்று நாற்பத்தெட்டு யாருடையது

இலத்தூர் முக்கில் கட்டியிருந்த ஃபிளக்ஸைப் பேருந்திலிருந்தே பார்த்திருந்தேன். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் ஃபிளக்ஸ் அடிப்பது எங்கள் பக்கம் புதிதில்லை. ஏழாம் வகுப்புப் படிக்கும் பெண்ணின் படத்துக்குக் கீழே ‘ஐக்யூ 148, எங்கள் குலவிளக்கே வாழ்க’ என்று அடித்திருந்ததுதான் புதிது. சில நாளில் அந்தப் பெண்ணை அவள் அப்பா தென்காசியில் நான் வேலை பார்த்த உளவியல் மையத்துக்கே அழைத்து வந்தார்.

பாத்திரக் கடைக்காரர். பள்ளிக்கூடம் கிளம்பும் நேரமெல்லாம் மகளுக்கு வாந்தி, சாப்பாடே இறங்குவதில்லை. வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை என்று மருத்துவர் எங்களிடம் அனுப்பியிருந்தார். அப்பாவுக்கோ காரணம் முன்பே தெரிந்துவிட்டது. இவ்வளவு அறிவுள்ள பிள்ளைக்கு ஏழாம் வகுப்பு எப்படிப் பிடிக்கும்? எங்கள் மையத்தின் உளவியலாளர் மேடம் ஒரு சான்றிதழ் கொடுத்தால் நேரே ஒன்பதாம் வகுப்பில் சேர்த்துவிடுவார். பள்ளியிலும் பேசியாகிவிட்டது.

எங்கள் மேடம் லேசில் வளைந்து கொடுக்கிறவர் இல்லை. பிள்ளைக்குச் சளி என்று தெரிந்ததும், மூக்கை உறிஞ்சுகிறவளிடம் எதை அளப்பது என்று அன்றைக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். மறுமுறை அப்பாவை என் மேசைக்கு எதிரே உட்காரவைத்துவிட்டு, அவளை மட்டும் உள்ளே கூட்டிப்போனார். அறிவை அளக்கும் சோதனைப் பெட்டியை அலமாரியில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார், எனக்குக்கூடக் காட்டியதில்லை. முன்னமே பார்த்துவிட்டால் அது சோதனை இல்லை, பழக்கம் என்பார். பிள்ளை களைத்தால் நிறுத்திவிடுவார். பதில் சரியா தவறா என்று முகத்தில் காட்டவே மாட்டார். எல்லாவற்றையும் முகத்திலேயே சொல்லிவிடும் எங்கள் ஊரில் அது பெரிய வித்தை.

முடிவு சொல்லும் நாளில் அப்பாவோடும் பெண்ணோடும் குறிப்பெடுக்க நானும் உள்ளே இருந்தேன். மேடம் எந்த எண்ணையும் சொல்லவில்லை. நூற்று நாற்பத்தெட்டு வந்த அந்த முதல் சோதனையை எங்கே வைத்துச் செய்தீர்கள் என்று கேட்டார். அப்பா உற்சாகமாக ஆரம்பித்தார். சாரல் நேரம், சொந்தபந்தமெல்லாம் குற்றாலத்தில் அறை எடுத்திருக்கிறார்கள். அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. பொழுது போகாமல் கைபேசியில் வந்த ஒரு ஐக்யூ சோதனையைத் தொடங்கியிருக்கிறார்கள். படப் புதிர்களைச் சித்தப்பா பார்த்துக்கொண்டார். எண் கணக்குகளைப் பொறியியல் படித்த அத்தை மகன். ஆங்கிலக் கேள்விகளுக்கு இவரே. மகள் விரலால் தொட்டாள். சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

மேடம் சிரிக்கவில்லை. எனக்குத்தான் அடக்க முடியவில்லை, குனிந்துகொண்டேன்.

“அண்ணாச்சி, அது பொய்னு நான் சொல்லல. உங்க குடும்பத்துக்கே சேத்து வந்த மார்க்கு அது. இந்தப் புள்ளை ஒத்தையில சுமந்துக்கிட்டு அலையுது.”

பிறகு நிதானமாக எல்லாம் சொன்னார். வயதுக்குத் தக்க அறிவு, நல்ல சொல்வளம், கணக்கில் மட்டும் கொஞ்சம் நிதானம், ஏழாம் வகுப்புதான் அவளுக்குச் சரி. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை வாய் திறக்காத பெண் மேடத்தைக் கேட்டாள்: “இனிமே கிளாஸ்ல எனக்குத் தெரியலைன்னு சொல்லலாமா?”

சொல்லலாம் என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். மேடம் சொல்லவில்லை. அப்பாவைப் பார்த்துக் காத்திருந்தார். அந்தப் பொறுமைக்காகவே அவரை இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுவேன்.

“சொல்லுட்டி,” என்றார் அப்பா. “தெரியலைன்னா தெரியலைன்னுதான சொல்லணும்.”

அவள் அவர் கையைப் பிடித்தாள். “பசிக்குப்பா,” என்றாள்.