நீலம் தெரியும் பக்கம்

பானுப்பிரியா எந்தக் கல்லையும் முதலில் நாக்கு நுனியில் நனைத்துவிட்டுத்தான் பார்ப்பார். நனைந்த கல்லைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடி மெல்லத் திருப்புவார். அப்போது யாராவது பேச்சுக் கொடுத்தால், "செத்த சும்மா இருங்க" என்பார், திரும்பாமலே.

திருச்சிப் பக்கம் பட்டை தீட்டப் பழகிய கை. கணவருக்கு ஆவடி தொழிற்சாலையில் வேலை கிடைத்தபோது சாணைச் சக்கரமும் கூடவே வந்துவிட்டது. இப்போது வெள்ளானூரில், சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் சுற்றுகிறது. நீலக்கல் வந்தால் சனி பகவானுக்கு எள் விளக்கு ஏற்றாமல் தொடமாட்டார். தீட்டும்போது வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும்; பாதி ஸ்லோகம், பாதி கல்லுக்குத் திட்டு.

அன்று வந்தவர் முகப்பேரில் வேன் ஓட்டும் உதயகுமார். மனைவி லாவண்யாவுக்கு இரண்டு முறை கரு தங்கவில்லை. இது மூன்றாவது. ஐந்து கேரட்டுக்குக் குறையாமல் நீலம் போடச் சொல்லியிருந்தார் ஜோசியர். இறந்துபோன தன் அப்பாவின் மோதிரக் கல்லைக் கழற்றி எடுத்து வந்திருந்தார் உதயகுமார்.

"இன்னாக்கா இது, நீலம்ன்றாங்க, கரியாட்டம் கீது. இத்த பாத்தாலே பயமாகீதுன்றா ஊட்ல."

"நீலந்தான் தம்பி. எரிமலைப் பாறையில கிடைக்கிற சாதி. பூமிக்கு அடியில எப்பவோ வெளைஞ்சு கிடந்ததை, நெருப்புக் குழம்பு மேல வரும்போது வாரிக்கிட்டு வந்துருது. வர்ற வழியிலேயே முனையெல்லாம் கரைஞ்சுரும். உடம்பு பூரா அலுமினியமும் ஆக்சிஜனுந்தான். துளி இரும்பும் டைட்டானியமும் சேர்ந்தா நீலம். இரும்பு கூடிட்டா இப்படி இருட்டிக்கும்."

"அலுமினியமா? எங்க நைனா சோத்துக் குண்டானையா வெரல்ல மாட்டிகினு இருந்தாரு?"

"குண்டான் நசுங்கும். இது வைரத்துக்கு அடுத்த கெட்டி."

கல்லை ஓரமாகத் திருப்பிக் காட்டினார். விளிம்பில் நல்ல நீலம். முன்பு வெட்டியவர் எடைக்கு ஆசைப்பட்டு, பச்சைக் கறுப்பாகத் தெரியும் பக்கத்தை முகமாக வைத்துவிட்டார். முகத்தை மாற்றித் தீட்டினால் நீலம் வரும். எடை ஐந்துக்குக் கீழே இறங்கிவிடும். உள்ளே ஒரு கீறல் வேறு. பிளந்தாலும் பிளக்கும்.

"நீயே சொல்லுக்கா."

"உங்க புள்ள விஷயம் தம்பி. நான் எப்படிச் சொல்றது?"

உதயகுமார் மனைவிக்குப் போன் போட்டார். "நீலமாவே வரட்டுங்க" என்றாள் லாவண்யா.

குச்சி முனையில் அரக்கு வைத்து ஒட்டிய கல் சக்கரத்தில் பட்டது. கீறலை நெருங்கியதும் பானுப்பிரியாவின் முணுமுணுப்பு நின்றுபோனது. உதயகுமார் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கல் தாங்கியது. கழுவிக் காட்டியபோது, விடியும் நேரத்து வானம் போல நீலம் திறந்துகொண்டது. தராசு நான்கைக்கூடத் தொடவில்லை.

"கொறஞ்சிபோச்சேக்கா" என்றார் அவர்.

பானுப்பிரியா சக்கரத்தடியில் இருந்த தட்டில் கல் தேய்ந்து படிந்த சாம்பல் நிறச் சேற்றை விரலால் சுற்றி வழித்தார். ஒரு சொட்டு விடாமல் காகிதத்தில் கல்லின் பக்கத்தில் தடவி, இரண்டையும் ஒன்றாக மடித்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.