பெயிண்டைச் சுரண்டிப் பாருங்கோ

பழைய இத்தாலியப் பெக்கோவுக்கு உதிரிப்பாகம் விற்கிற தொழிலில் முதல் பாடம் இதுதான்: வாடிக்கையாளர் தன் இயந்திரத்தின் பெயரைச் சொன்னால் நம்பக்கூடாது. அவர் பொய் சொல்வதில்லை, பாவம். இயந்திரம்தான் பெயர் மாறிக்கொண்டே வந்திருக்கும்.

யூரோ வந்த புதிதில், டோர்ட்மண்டில் கட்டட இயந்திரங்கள் விற்கும் ஒரு கம்பனியின் உதிரிப்பாகக் கவுண்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். மண் தோண்டும் இயந்திரத்தை எங்கள் ஈழத்து ஆட்கள் பெக்கோ என்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். மருந்துக்கடையோ தபால் கந்தோரோ, கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கிற எல்லோருக்கும் என் பாடு புரியும். இதில் வரும் ஜெர்மன்காரரின் பேச்சை நான்தான் தமிழாக்கியிருக்கிறேன். முறைப்பு மட்டும் அவர்களுடையது.

ஐந்து பெயர், ஒரு வளையம்

முதல் நாள் முதலாளி ஹெர் க்ரூகர் என்னைக் களஞ்சியத்துக்குக் கூட்டிப்போனார். ஒரு சுவர் முழுக்க, தரையிலிருந்து கூரை வரை தட்டுகள். தட்டு நிறைய எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய இரும்பும் ரப்பரும். "இது எங்கள் இத்தாலிச் சுவர். இதைப் பார்க்கத்தான் உங்களை எடுத்தோம். ஒப்பந்தம் அடுத்த வருட டிசம்பரோடு முடியும். சுவரில் உள்ள சரக்கு ஓடினால் நீட்டுவோம்" என்றார். நான் வெள்ளையாகச் சிரித்து வைத்தேன். உள்ளே வேறு கணக்கு ஓடியது. நிரந்தர வதிவிட விண்ணப்பம் கொடுத்திருந்தேன். முடிவுத் தேதி இல்லாத வேலை ஒப்பந்தம் ஒன்றைக் கொண்டுவந்தால்தான் கோப்பு நகரும் என்று வெளிநாட்டவர் கந்தோரில் சொல்லியிருந்தார்கள். ஆக, என் தலைவிதியை எண்ணெய்க் காகிதத்தில் சுற்றித் தட்டில் வைத்திருந்தார்கள்.

சுவரின் வரலாற்றைச் சொன்னவர் பட்டறை மெக்கானிக் உவே. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு, மற்றவர்கள் இரும்பு வடத்தை இழுத்து மண் தோண்டிக்கொண்டிருந்த காலத்தில், எண்ணெய் அழுத்தத்தால் கை நீட்டி மடக்கும் பெக்கோவைச் செய்து பார்த்தவர்களில் டூரின் பக்கத்துச் சின்னப் பட்டறைக்காரர்களும் உண்டாம். எல்லாம் குடும்பக் கம்பனிகள். அப்பா படம் வரைவார், சித்தப்பா இரும்பை ஒட்டுவார், மச்சான் விற்பார். நாங்கள் பாகம் விற்ற குடும்பத்தை ஒரு பெரிய கம்பனி வாங்கியது. அது அமெரிக்கக்காரரோடு கூட்டுச் சேர்ந்து பிரிந்தது. பிறகு ஒரு ஜப்பான்காரரோடு சேர்ந்து பிரிந்தது. பிறகு இன்னொரு ஜப்பான்காரர். எங்கள் சனத்தின் கலியாணப் பேச்சுகளில்கூட இவ்வளவு சிக்கல் வந்ததில்லை. ஒவ்வொரு கூட்டுக்கும் ஒரு புதுப் பெயர், ஒரு புதுப் பாகப் புத்தகம். ஆனால் பெரிய கையின் சிலிண்டருக்குள் எண்ணெயை மறித்து நிற்கும் ரப்பர் வளையம் மட்டும் அதே வளையம்தான். ஐந்து புத்தகத்தில் அதற்கு ஐந்து இலக்கம்.

நான் ஒரு கொப்பி வாங்கி, பெயர்களை வரிசையாக எழுதத் தொடங்கினேன். உவே எட்டிப் பார்த்தார். "பெயரை எழுதாதே. இலக்கத்தை எழுது. பெயர் அடுத்த வருடமும் மாறும்."

ஓர் ஆணைக் கொடு

தொலைபேசியில் ஒரு சாக்கடை ஒப்பந்தக்காரர். என் குரலைக் கேட்டதும், "அங்கே ஆண்கள் யாரும் இல்லையா?" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஆனால் ஒப்பந்தம் டிசம்பர் வரை என்பதும் உடனே ஞாபகம் வரும். தொலைபேசியை உவேயிடம் நீட்டினேன்.

உவே கையால் எதையும் கழற்றுவார், பூட்டுவார்; இலக்கம் என்றால் ஓடிவிடுவார். அவர் "பொறுங்கள்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பார். நான் சொல்வேன். அவர் அதைத் திருப்பிச் சொல்வார். மறுபடி "பொறுங்கள்." இப்படிக் கால் மணி நேரம். ஒருவழியாகப் பாகம் அனுப்பியாயிற்று. அடுத்த வாரம் அதே மனிதர் மறுபடி அழைத்தார். "உவேயைக் கூப்பிடட்டுமா?" என்று இனிக்க இனிக்கக் கேட்டேன். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "வேண்டாம். அந்த ஆள் நல்லவர்தான், ஆனால் அவருக்கு எல்லாவற்றையும் பின்னால் ஒரு பெண் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது."

நாலு பெக்கோ

செல்வம் அண்ணை மன்னார்க்காரர். அகதியாக வந்து, உணவகத்தில் கோப்பை கழுவி, கடைசியில் தோட்டமும் வடிகாலும் வெட்டிக் கொடுக்கிற சின்னக் கம்பனி ஒன்றைத் தொடங்கியவர். ஒருநாள் ஏலத்தில் ஒரு பழைய இத்தாலியப் பெக்கோவை வாங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்து வெளியே வந்தால் "உங்கட பழைய இரும்பு எப்பிடி, அண்ணை?" என்பதே எல்லோருக்கும் பகிடி. அது எண்ணெய் ஒழுகத் தொடங்கியதும் எனக்கு அழைத்தார்.

"தங்கச்சி, பெரிய கையில எண்ணெய் ஒழுகுது."

"என்ன பெக்கோ அண்ணை?"

"மஞ்சள்."

மஞ்சள் என்பதும் ஒரு பதிலா? பழையதை விற்கிறவர்கள் அதைப் புதுக் கம்பனியின் நிறத்தில் அடித்து, புதுப் பெயரை ஒட்டி, வயதைக் குறைத்துவிடுவார்கள். பெண் பார்க்க வரும் நேரத்து அலங்காரம்தான். அதனால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு.

"அண்ணை, பெரிய கை மடியிற இடத்தில, அடிப்பக்கமா, ஒரு காசால பெயிண்டைச் சுரண்டிப் பாருங்கோ."

தொலைபேசியில் கரகரவென்று சத்தம் கேட்டது. "மஞ்சளுக்குக் கீழ செம்மஞ்சள் கிடக்கு."

"இன்னும் சுரண்டுங்கோ."

"வெள்ளை."

"இன்னும்."

"பச்சை, தங்கச்சி. அதுக்குக் கீழ இரும்புதான்."

நான் "பச்சை" என்று சொன்னதும் உவே குடித்துக்கொண்டிருந்த கோப்பியைக் கீழே வைத்தார். பச்சை என்றால் யாரும் வாங்குவதற்கு முன்னால் அந்தக் குடும்பமே செய்தது. அப்படி ஒன்று இன்னும் மண்ணைத் தோண்டிக்கொண்டிருக்கிறது என்பதை அவர் நம்பவேயில்லை. கொப்பியில் முதலாவது இலக்கத்தைப் பார்த்து, சுவரின் மேல்தட்டிலிருந்து வளையத்தை எடுத்து வைத்தேன். அதை வாங்க வந்த செல்வம் அண்ணைக்கு முகம் கொள்ளாத சிரிப்பு. "நான் ஒரு பெக்கோ வாங்கினன் எண்டெல்லோ நினைச்சன். நாலு வாங்கியிருக்கிறன்!"

ஆகஸ்டில் இத்தாலி இல்லை

ஆகஸ்ட் மாதத்தில் இத்தாலிய மொத்தக் களஞ்சியம் பூட்டிவிடும். அரைகுறையாக அல்ல, மொத்தமாக. எனக்கு இது தெரியாது. முதல் ஆகஸ்டில் ஆளில்லாத கட்டடத்துக்கு இரண்டு வாரம் விடாமல் தொலைநகல் அனுப்பியிருக்கிறேன். இங்கே ஒரு வாடிக்கையாளரின் பெக்கோ, பாதி தோண்டிய நீச்சல் குளத்துக்குள் கை மடங்காமல் நின்றது. குளத்துக்குச் சொந்தக்காரர் அவரைத் திட்ட, அவர் என்னைத் திட்ட, எனக்குக் கீழே திட்ட யாரும் இல்லை.

அந்தக் களஞ்சியத்தில் பிரான்கா என்றொரு பெண் இருந்தாள். அவளுக்கு ஜெர்மன் அரைகுறை, எனக்கு இத்தாலியன் பூச்சியம். நாங்கள் இலக்கங்களால் நட்பானவர்கள். அவசரத்துக்கு என்று அவள் தந்திருந்த கைத்தொலைபேசி இலக்கத்துக்கு வெட்கத்தை விட்டு அழைத்தேன். கடல் இரைச்சல், பிள்ளைகளின் கூச்சல். நான் என் இலக்கத்தைச் சொன்னேன். அவள் புத்தகம் எதுவும் இல்லாமல், மணலில் படுத்தபடியே அதே பாகத்தின் இரண்டு பழைய இலக்கங்களைச் சொன்னாள். அதில் ஒன்று என் தலைக்கு மேல் தட்டிலேயே இருந்தது. நான் நன்றி சொல்லி முடிக்குமுன் அவள் சொன்னது: "வசந்தி, ஆகஸ்டில் இத்தாலியைத் தேடாதே. உன் சுவரைப் பார்."

கணினி சொன்னால் சரி

இரண்டாம் வருட இலையுதிர் காலத்தில் அந்த இத்தாலியக் கம்பனி மறுபடி கைமாறியது. புது உரிமையாளர் ஒரு கடிதமும் ஒரு கணினி நிரலும் அனுப்பினார். பழைய இயந்திரங்களுக்கான பாக விற்பனை டிசம்பரோடு நிறுத்தப்படும் என்றது கடிதம். ஹெர் க்ரூகர் நேர்மையான மனிதர், சுற்றி வளைக்கவில்லை. கிறிஸ்மஸுக்கு முந்திய வாரம் பழைய இரும்புக்காரரின் லொறி வரும், சுவரை ஏற்றிப்போகும், என் ஒப்பந்தமும் அதோடு முடியும் என்றார். நான் கழிவறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது? சுவர் போனால் வேலை போகும், வேலை போனால் விண்ணப்பம் தூங்கும். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தால் கவுண்டரில் ஒருவர் காத்து நிற்கிறார்.

அவருடைய இயந்திர இலக்கத்தைப் புதுக் கணினியில் அடித்தேன். "இப்படி ஓர் இயந்திரம் இல்லை" என்றது. மறுபடி அடித்தேன். இல்லை. வெளியே அவருடைய பெக்கோ லொறியின் முதுகில் நின்று உறுமிக்கொண்டிருந்தது. அந்த அதிர்வில் எங்கள் யன்னல் கண்ணாடி கடகடத்தது. கணினித் திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். ஆற அமர வாசித்தார், வெளியே பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். "அப்படியானால் என் தம்பி எதற்குள் உட்கார்ந்திருக்கிறான் என்று உங்கள் கணினியிடம் கேட்டுச் சொல்லுங்கள்."

வெள்ளிக்கிழமை வரை வேலை

நவம்பர் கடைசியில் தெற்கு ஜெர்மனியிலிருந்து ஒரு தொலைபேசி. அந்தப் புது உரிமையாளரின் கந்தோரேதான். மிக மரியாதையான ஒரு மனிதர். கம்பனிக்குள் ஒரு விழா எடுக்கிறார்களாம். "எங்கள் நீண்ட பாரம்பரியம்" என்று காட்ட, ஓடக்கூடிய மிகப் பழைய இத்தாலியப் பெக்கோ ஒன்று வேண்டுமாம். கணினியில் தேடினார்களாம், கிடைக்கவில்லையாம். இத்தாலிக்குக் கேட்டார்களாம், அங்கே பிரான்கா என்ற பெண், டோர்ட்மண்டில் வசந்தியைக் கேளுங்கள் என்றாளாம். இல்லை என்று கணினியில் எழுதியவர்களே இருக்கிறதா என்று கேட்கிறார்கள்! நாலு வார்த்தை சூடாகச் சொல்ல நாக்கு துடித்தது. ஆனாலும் என் மனம் ஏற்கெனவே ஒரு பச்சை நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

செல்வம் அண்ணைக்கு அழைத்தேன். "அண்ணை, உங்கட பெக்கோவை ஒரு பெரிய விழாவுக்குக் கேட்கினம். கொஞ்ச நாளைக்குத்தான். புதுசு ஒண்டு பதிலுக்குத் தருவினம். அவையள் நாளைக்கே வந்து ஏத்தலாம் எண்டினம்." பின்னால் அந்தப் பெக்கோ யாருடைய தோட்டத்தையோ தோண்டிக்கொண்டிருந்தது. அவர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "நாளைக்கு ஏலாது தங்கச்சி. அதுக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும் வேலை கிடக்கு."

சுரண்ட ஒன்றுமில்லை

வெள்ளிக்கிழமை பின்னேரம் பெக்கோ எங்கள் பட்டறைக்கு வந்தது. தெற்கிலிருந்து அந்த மரியாதையான மனிதரும் வந்தார். மற்றச் சிலிண்டர்களும் கசிந்தன. தேவையான வளையம் முழுவதும் என் சுவரில்தான் இருந்தது. உவே பூட்டினார். முழுவதற்கும் பச்சை அடித்துவிடலாமா என்று வந்தவர் கேட்டார். செல்வம் அண்ணை, காசால் சுரண்டிய இடத்தைக் கையால் மூடிக்கொண்டு, "ஓம், அடியுங்கோ. இந்த இடத்தை மட்டும் விடுங்கோ" என்றார். நான் மொழிபெயர்த்தேன். வந்தவர் குனிந்து மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை, பச்சை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். தன் கம்பனியின் வரலாற்றை அவர் அன்றுதான் முழுதாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். கடைசியில் எந்த நிறமும் அடிக்காமல் அப்படியே கொண்டுபோனார்கள்.

பதிலுக்கு வந்த பெக்கோவில் குளிரூட்டி, வானொலி எல்லாம் இருந்தன. ஒரு வாரம் கழித்து, எப்படி என்று செல்வம் அண்ணையைக் கேட்டேன். "நல்லாத்தான் கிடக்கு தங்கச்சி. ஆனா சுரண்ட ஒண்டுமில்லை."

முடிவுத் தேதி

அந்த மனிதர் போவதற்கு முன் என் கொப்பியைப் புரட்டிப் பார்த்திருந்தார். ஒரு பக்கத்தில் ஐந்து இலக்கம், ஒரே வளையம். "இது எங்களிடம் இல்லை" என்றார் மெதுவாக. எதிரே நின்ற ஹெர் க்ரூகர் கொப்பியை வாங்கிப் பார்த்தார். பத்து நாளில் ஒரு கடிதம் வந்தது. பழைய இயந்திரம் என்று யார் எங்கே கேட்டாலும் இனி டோர்ட்மண்டுக்கே அனுப்புவார்களாம். சுவரைக் கலைக்க வேண்டாமாம்.

கிறிஸ்மஸுக்கு முந்திய வாரம் வந்தது, பழைய இரும்பு லொறி வரவில்லை. எனக்கு யாரும் எதுவும் சொல்லவுமில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஹெர் க்ரூகர் ஒரு தாளை என் மேசையில் வைத்துவிட்டு, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். புது ஒப்பந்தம். பெயர் சரி, சம்பளம் சரி, தொடங்கும் தேதி சரி. முடியும் தேதிக்கான கட்டம் வெறுமையாக இருந்தது. பிழை விட்டுவிட்டாரோ, அதைச் சுட்டிக்காட்டினால் நிரப்பிவிடுவாரோ என்று ஒரு பயம். ஆனாலும் இரண்டு வருடமாக இலக்கம் சரிபார்த்தே பழகிய வாய் சும்மா இருக்குமா? "முடிவுத் தேதி எழுத மறந்துவிட்டீர்களே" என்றேன். அவர் சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மறக்கவில்லை."

ஐந்து பெயர் கண்ட ஒரு கம்பனிக்குள் ஒருமுறைகூட மாறாமல் கிடந்த ரப்பர் வளையம் ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான், பாருங்கள், நான் ஜெர்மனியில் நிரந்தரமானேன்.