லேபிளில் ஹாஜியாரின் பெயர்

வெள்ளைக்காரன் காலத்தில் விலங்கியல் காரியாலயமொன்றில் உதவியாளனாக இருந்தேன். தனியார் காணிகளில் பறவைகளைக் காப்பாற்ற வேண்டும் என்று புறப்பட்டது, உண்மையைச் சொன்னால், பாதி பெருமைக்காகத்தான்.

முதலில் சம்மதித்தவர் மஜீத் ஹாஜியார். புறக்கோட்டையில் புடவைக்கடை, மட்டக்குளியில் ஒரு சதுப்புக் காணி. அதில் ஆளுயரத்துக்குப் பன்புல். வருடாவருடம் பாய் இழைப்பவர்கள் வந்து வெட்டிப் போவார்கள். உள்ளே மஞ்சள் குருகு கூடு கட்டுகிறது என்று எனக்குச் சந்தேகம்.

"இந்த வருசம் மட்டும் வெட்டாமல் விடுங்கோ ஹாஜியார்" என்று கெஞ்சினேன்.

"எனக்கு அந்தக் குருவியத் தெரியா தம்பி. நீங்க படிச்சவங்க சொல்றீங்க. சரி, வுடுறன்."

சொன்னபடி வேலியடைத்தார். வெட்ட வந்தவர்களைத் தானே நின்று திருப்பி அனுப்பினார்.

கூடு கிடைத்தது. நாலு முட்டை. ஓடிப்போய்க் காரியாலயத்து வெள்ளைக்காரத் துரையிடம் சொன்னேன். அவர் தலை நிமிராமல், "ஸ்கின் எங்கே?" என்று கேட்டார். அன்றைய முறை அது. சுட்டு, தோலுரித்து, பஞ்சடைத்த ஸ்பெசிமன் இல்லாவிட்டால் எந்தப் பறவையும் ரெஜிஸ்டரில் ஏறாது.

மறுநாள் காலை துவக்கோடு போனேன். படலையைத் திறந்துவிட்டவர் ஹாஜியார்தான்.

"முட்ட திங்கிற கபரகொய்யாவுக்கா தம்பி?" என்றார் துவக்கைப் பார்த்து. சதுப்பில் திரியும் பெரிய உடும்பைச் சொன்னார்.

"ஓம் ஹாஜியார்."

அவர் கடைக்குப் போனதும் ஆண் பறவையைச் சுட்டேன், பிறகு பெண்ணை. முட்டைகளையும் எடுத்துக்கொண்டேன். லேபிளில் இடம், தேதி எழுதி, நன்றி காட்டுவதாக நினைத்துக் காணிக்காரர் பெயரையும் சேர்த்தேன்.

ஒரு மாதம் கழித்து ஹாஜியார் காரியாலயத்துக்கே வந்துவிட்டார்.

"குஞ்சு பொரிச்சீக்குமே தம்பி? ஒண்டும் பறக்கக் காணல்ல."

இன்னொரு பொய் வாயில் வரவில்லை. அலுமாரி லாச்சியை இழுத்துக் காட்டினேன். கண்ணில் பஞ்சு வைத்த இரண்டு குருகுகள். தன் பெயரை இங்கிலீசில் வாசிக்கத் தெரிந்தவர் அவர். லேபிளை நெடுநேரம் பிடித்திருந்தார்.

"என்ட பேர மட்டும் எடுத்துருங்க" என்றார்.

பதிந்த லேபிளை மாற்ற விதியில்லை என்று நான் சொன்னேன். அந்த நேரத்திலும் விதியைத்தான் சொன்னேன். நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அந்தக் கிழமையே பன்புல்லை வெட்டக் கொடுத்துவிட்டார். அதன்பின் எவர் காணிக்குள்ளும் நான் துவக்கோடு போனதில்லை. சுடாமல் பார்த்து நோட்டுப் புத்தகத்தில் எழுதிய பறவைகள் ரெஜிஸ்டரில் ஏறவில்லை, போகட்டும்.

இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒருவரிடம் காணியைக் கேட்டால், அங்கே என்ன செய்வீர்கள் என்பதை முழுவதும் சொல்லிவிட்டுக் கேளுங்கள். ஹாஜியார் படலையில் நின்று கேட்டார். நான் உண்மையைச் சொல்லவில்லை.