ஏழாவதாக வந்த நிரோஜா

சென்ற சனிக்கிழமை காலை, நாற்பது ஐம்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, பதினேழு வயதுப் பிள்ளை ஒருத்தியை மைதான வாசலில் வைத்துத் திட்டித் தீர்த்தேன்.

என் வாய் எப்படிப்பட்டது என்று பத்திரிகையில் இந்தப் பத்தியைத் தவறாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும். பஸ் நடத்துநரோடு பிடித்த சண்டை, வங்கி வரிசையில் பிடித்த சண்டை... எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். அவற்றில் நியாயம் என் பக்கம் இருந்தது — அல்லது இருந்ததாக எழுதிக்கொண்டேன். இந்த முறை அப்படி எழுத வழியில்லை.

கணக்கு வாத்தியாருக்கு ஓட்டப் போட்டியில் என்ன வேலை? கேட்பீர்கள் என்று தெரியும்.

எங்கள் பள்ளிக்கூடம் இரணைமடுக் குளத்து வாய்க்கால் ஒன்றை ஒட்டி இருக்கிறது. விளையாட்டு ஆசிரியர் மார்கழியோடு இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார். பதிலுக்கு ஆள் வரவில்லை. தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்கியதும் அதிபர் என்னைக் கூப்பிட்டார்.

"சேர், மரதன் ஓடுற பொம்பிளைப் பிள்ளையளை இந்த முறை நீங்கள் ஒருக்காப் பாருங்கோ."

"நான் கடைசியா ஓடினது எப்ப எண்டு உங்களுக்குத் தெரியுந்தானே, சேர்?"

அவருக்குத் தெரியும். எங்கள் பகுதியில் என் வயதுக்காரர் எல்லோரும் கடைசியாக ஓடியது போர் முடிந்த அந்த வருஷத்தில்தான். அவரும் அந்த ஓட்டம் ஓடியவர். ஆனாலும் விடவில்லை. "நீங்கள் ஓடத் தேவையில்லை. உங்களிட்ட மோட்டச்சைக்கிள் இருக்கு. பிள்ளையளுக்குப் பின்னால போனாக் காணும்."

ஆக, மோட்டார் சைக்கிள் வைத்திருப்பதும் ஒரு தகைமைதான்!

ஆறு பிள்ளைகள். காலை ஐந்தரைக்கு வாய்க்கால் வீதியில் பயிற்சி. முதல் இரண்டு கிழமையும் மழை. சேறு முழங்கால் வரை தெறிக்கும். பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுவார்கள். நான் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு பின்னால் போய், "கையை வீசி ஓடு, கையை வீசி ஓடு" என்று கத்துவேன். எனக்குத் தெரிந்த பயிற்சி அவ்வளவுதான். தூரத்தை நேரத்தால் பிரித்தால் வேகம் என்பது தெரியும். அந்த வேகம் ஒரு பிள்ளையின் காலுக்குள் எப்படி வருகிறது என்பது யாருக்குத் தெரியும்?

அந்த ஆறு பேரில் ஒருத்திதான் நிரோஜா. உயர்தர வகுப்பு. ஒல்லி. கேட்டால்தான் பதில் சொல்லுவாள். ஆறாம் வகுப்பிலிருந்து ஓடுகிறவள். வலயப் போட்டியில் முதல் ஆறு இடம் பெறுகிறவர்கள்தான் மாகாணப் போட்டிக்குப் போகலாம். இவள் ஒரு வருஷம் ஒன்பதாவது, மறு வருஷம் எட்டாவது, பிறகு திரும்பவும் ஒன்பதாவது. அடுத்த வருஷம் வயது கூடிவிடும். இதுதான் கடைசி.

மாசி பிறந்த கையோடு அவளுடைய தாய் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். அறுவடைக் காலத்தில் நாட்கூலிக்கு வயலுக்குப் போகிறவர். கதிரையைக் காட்டினேன். இருக்கவில்லை.

"ஏன் சேர் பிள்ளையைச் சும்மா ஓடவிடுறியள்? நான் ஓடினது காணாதா?"

போரின் கடைசி மாதங்களில் நிரோஜா கைக்குழந்தை. அவளை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஊர் ஊராக, கடற்கரை வரை ஓடியவர் அவர். ஓட்டம் ஒரு விளையாட்டு என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இத்தனை வருஷத்தில் மகள் ஓடியதை அவர் ஒரு தடவைகூட வந்து பார்த்ததில்லை என்பதும் அன்றுதான் எனக்குத் தெரியவந்தது.

போகும்போது வாசலில் நின்று திரும்பினார். "மாகாணத்துக்கு எடுபட்டாச் சொல்லுங்கோ. அண்டைக்கு வேலைக்குப் போகாமல் வந்து பாக்கிறன்."

நிரோஜா வெளியே விறாந்தையில் நின்றாள். கேட்டிருப்பாள். மறுநாள் தொடங்கி, நான் போய்ச் சேரும்போது அவள் ஒரு சுற்று ஓடி முடித்திருப்பாள்.

போட்டிக்கு ஒரு கிழமை இருக்கையில் கனடாவிலிருந்து எங்கள் பழைய மாணவி ஒருத்தி ஆறு சோடிச் சப்பாத்து அனுப்பியிருந்தாள். செம்மஞ்சள் நிறம். அடியில் பஞ்சு மாதிரி மெத்தை. பிள்ளைகள் அதை ரோட்டில் வைக்கவே கூசினார்கள். ஒரு பிள்ளையின் வீட்டில் பொலித்தீன் பையில் சுற்றி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டார்கள். எடுத்துப் போடச் சொல்லி நான்தான் வீடு வரை போக வேண்டியிருந்தது.

போட்டியன்று காலையில் நிரோஜா கிட்ட வந்தாள்.

"சேர்... நான் வெறுங்காலோட ஓடட்டா? இது கால் பாரமாக் கிடக்கு."

"விசர்க் கதை கதையாதை. பேப்பரில படம் வரும். வெறுங்காலோட நிண்டா எங்கட பள்ளிக்கூடத்தை என்னெண்டு நினைப்பினம்?"

சொன்னதோடு நிற்கவில்லை. குனிந்து, லேஸ் அவிழாமல் இருக்க இரண்டு காலுக்கும் நானே இரட்டை முடிச்சுப் போட்டுவிட்டேன். எவ்வளவு பொறுப்பான வாத்தியார், பாருங்கள்!

ஆறரை மணிக்கு ஓட்டம் என்று அறிவித்திருந்தார்கள். பிரதம விருந்தினர் எட்டேகாலுக்கு வந்தார். மாலை, பொன்னாடை, உரை. ஓட்டம் தொடங்கும்போது எட்டே முக்கால். இது எங்கள் நாட்டு வழமை, இதைப் பற்றித் தனியாக எழுதி ஆகப்போவதும் இல்லை. ஆனால், இந்த இரண்டேகால் மணித்தியாலத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர்தான் மரதன், தூரம் ஐந்து கிலோமீற்றர். சந்திக்குப் போய், வயல் வீதியால் சுற்றி, மைதானத்துக்குத் திரும்ப வேண்டும். நிரோஜா தொடக்கத்தில் பதினைந்தாவது ஆளாகப் போனாள். சந்தியில் ஒன்பது. வயல் வீதியில் திரும்பும்போது ஐந்து. பிறகு மூன்று! முன்னால் இரண்டு டவுன் பிள்ளைகள் மட்டுந்தான். நான் பின்னால் மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். மாகாணப் போட்டி நாளை அவளுடைய தாய்க்கு எப்படிச் சொல்லி அனுப்புவது என்றுகூட யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

மைதானத்துக்கு அரைக் கிலோமீற்றர் இருக்கும்போது, வீதி முழுக்க நெல்.

காலபோக அறுவடைக் காலத்தில் எங்கள் வீதிகளில் நெல் காய்வது புதினம் இல்லை. ஒரு பக்கம் பரவியிருப்பார்கள், மறு பக்கத்தால் வாகனம் போகும். அன்று அப்படி இல்லை. மூன்று நாள் மழைக்குப் பிறகு வந்த முதல் வெயில் அது. தெற்கே மறுபடியும் முகில் கறுத்துக்கொண்டு வந்தது. ஒரு கரையிலிருந்து மறு கரை வரை, முப்பது நாற்பது மீற்றர் நீளத்துக்கு ஈர நெல். இடப்பக்கம் வாய்க்கால், வலப்பக்கம் தண்ணீர் நிற்கிற வயல். சுற்றிப் போக இடமே இல்லை.

முதல் இரண்டு பிள்ளைகளும் நிற்கவில்லை. சப்பாத்தோடு நெல்லில் பாய்ந்து போனார்கள். மணிகள் தெறித்து வாய்க்காலுக்குள் விழுந்தன.

நிரோஜா நெல்லின் விளிம்பில் நின்றாள். குந்தினாள். லேஸை இழுக்கத் தொடங்கினாள்.

"ஓடு! ஓடு பிள்ளை! என்னத்துக்கு நிக்கிறாய்?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முடிச்சு அவிழ மறுத்தது. பல்லால் கடித்து இழுத்தாள். ஒரு பிள்ளை அவளைத் தாண்டிச் சப்பாத்தோடு போனது. இன்னொன்று. பிறகு, பெயர் தெரியாத சின்னப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்று வெறுங்காலோடு வந்து, வேகம் குறையாமல் நெல்லின் மேலே ஓடிக் கடந்தது. அதற்குப் பின்னால் மற்றொன்று. ஒருவழியாக இரண்டு சப்பாத்தையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நிரோஜா நெல்லைக் கடந்தபோது, அவள் ஏழாவது.

நான் மோட்டார் சைக்கிளை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு, கத்திக்கொண்டு நெல்லுக்கு மேலால் அவள் பின்னே ஓடினேன். என்னுடைய தொந்திக்கு அது ஓட்டம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மூச்சிரைக்க மைதான வாசலுக்குப் போனபோது எல்லாம் முடிந்துவிட்டது. ஏழாம் இடம். ஆறாவது பிள்ளைக்கும் இவளுக்கும் நடுவில் நான்கு அடி தூரந்தான் என்றார்கள்.

வாய் திறந்துகொண்டது. "உனக்கென்ன மூளை இருக்கா? எத்தினை மாசம் விடிய எழும்பி வந்தனீ? கொம்மாட்ட என்ன சொல்லப்போறாய்?" அந்தக் கடைசிக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

அவள் சப்பாத்துகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"சப்பாத்தோட எப்பிடி சேர் நெல்லை மிதிக்கிறது?"

"மற்றப் பிள்ளையள் மிதிக்கேல்லையா?"

"அது அவையட கால், சேர்."

அவ்வளவுதான் சொன்னாள். வயலில் வேலை செய்கிறவர்கள் காய்கிற நெல்லை வெறுங்காலால்தான் துழாவிக் கிளறுவார்கள். அவளுடைய தாயும் கூலிக்கு அதைத்தான் செய்கிறார். செருப்புக் காலோடு நெல்லில் யாரும் கால் வைப்பதில்லை. இது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துகொண்டுதான் கத்தினேன்.

அந்த நேரத்தில் நடுவர் ஒருவர் படிவம் ஒன்றோடு வந்தார். நல்ல மனிதர். "சேர், பாதையில தடை இருந்ததெண்டு முறைப்பாடு குடுங்கோ. பத்து நிமிசம் இருக்கு. இந்தப் பிள்ளையையும் மாகாணத்துக்குச் சேர்க்கச் சொல்லிக் கேக்கலாம். ஆனா, தடை ஏற்படுத்தினது ஆரெண்டு பேர் எழுத வேணும். நெல்லுக்காரருக்கு மேல நடவடிக்கை எடுப்பினம்."

பேனாவை எடுத்தேன். பெயர்தான் தெரியாது.

பெயருக்குரிய பெண்ணே சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். நாற்பத்தைந்து வயது மதிக்கலாம். நெல் தூசி அப்பிய சட்டை. கையில் ஒரு சொப்பிங் பை.

"சேர், உங்கட செருப்பு. நெல்லுக்கு அங்கால கழட்டி வைச்சிட்டு வந்திட்டியள். மோட்டச்சைக்கிளை நிழல்ல எடுத்து விட்டிருக்கிறன்."

குனிந்து என் கால்களைப் பார்த்தேன். வெறுங்கால். பெருவிரலில் கல் குத்தி இரத்தம் கசிந்திருந்தது. எப்போது கழற்றினேன்? சத்தியமாக எனக்கு நினைவில்லை. "ஓடு, ஓடு" என்று அவளைத் துரத்திக்கொண்டிருந்த அதே நிமிஷத்தில், என் கால்கள் என்னைக் கேளாமலே செருப்பைக் கழற்றிவிட்டு நெல்லில் இறங்கியிருக்கின்றன. அப்படியே ஓடி வந்துதான் அவளுக்கு மூளை இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.

பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

நடந்ததை நடுவரிடம் கேட்டு அறிந்ததும் அந்தப் பெண்ணின் முகம் கறுத்தது. "எட்டு மணியோட முடிஞ்சிடும் எண்டுதானே நேற்று ஒலிபெருக்கியில சொன்னவை. எட்டரை மட்டும் பாத்துக்கொண்டு நிண்டனான், சேர். நெல்லு முளைக்கத் தொடங்கிட்டுது. பிறகு என்ன செய்ய..." நிரோஜாவின் கையிலிருந்த சப்பாத்துகளைப் பார்த்தார். "என்ர பேரை எழுதுங்கோ. பறவாயில்லை. பிள்ளை போகட்டும்."

நடுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். நான் நிரோஜாவைப் பார்த்தேன். ஒரு சொல் போதும். ஒரு பெயர் எழுதினால் போதும், தாய் வந்து பார்ப்பார்.

"வேண்டாம், சேர்," என்றாள். "என்னை ஆரும் மறிக்கேல்ல. நானாத்தான் நிண்டனான்."

சொல்லிவிட்டு அழுதாள். அதுவரை அழாத பிள்ளை. நெல்லுக்காரப் பெண் சைக்கிளை நிலத்தில் அப்படியே போட்டுவிட்டு வந்து அவளை அணைத்துக்கொண்டார். நான் பேனாவை மூடினேன். மன்னிப்புக் கேட்டேன். எல்லோருக்கும் கேட்கத்தான் கேட்டேன் — திட்டியதும் எல்லோருக்கும் கேட்கத்தானே? "பறவாயில்லை, சேர்" என்றாள். அந்தப் பறவாயில்லையை இன்னும் தூக்கிக்கொண்டு திரிகிறேன்.

வீட்டில் தாய்க்கு என்ன சொன்னாள் என்று கேட்க எனக்கு இதுவரை துணிவு வரவில்லை. மாகாணப் போட்டிக்கு ஆறு பேர் போகிறார்கள். அந்த வெறுங்கால் பிள்ளையும் போகிறாள். நல்லபடி ஓடட்டும்.

நடுவர் தந்த படிவம் என் டயரிக்குள் இருக்கிறது. "தடையை ஏற்படுத்தியவர் பெயர்" என்று ஒரு வரி, எதிரே புள்ளிக்கோடு. நிரோஜாவைக் காலையில் கேட்டபடி வெறுங்காலோடு ஓட விட்டிருந்தால், அந்த நெல்லை அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப்போல ஒரு மூச்சில் கடந்திருப்பாள்.

நிரப்பியிருக்க வேண்டிய பெயர் எனக்கு நன்றாகத் தெரியும் — இந்தப் பத்தியை எழுதியவர் பெயராக மேலே அச்சாகியிருக்கிறது.