இலத்தீன் சிமியோனின் மெயா குல்பா

குருநகரில் சிமியோன் என்று கேட்டால் எந்தச் சிமியோன் என்பார்கள். இலத்தீன் சிமியோன் என்றால் சின்னப்பிள்ளையும் வீட்டைக் காட்டும். வயது எழுபத்தைந்து. ஆயுள் முழுக்க நண்டுவலை இழுத்த மனிதர்தான். ஆனால் சேமக்காலையில் கல்லறைச் சிலுவை ஒன்றில் ஆர்.ஐ.பி. என்ற மூன்று எழுத்தைக் கண்டால் போதும், பக்கத்தில் நிற்பவர் தப்ப முடியாது. அது இங்கிலீஷ் எழுத்தில்லை, 'ரெக்வியெஸ்காட் இன் பாச்சே', சமாதானத்தில் இளைப்பாறட்டும் என்று அர்த்தம் என்று குழி மூடும்வரை விளக்குவார். மணிக்கூட்டு ஏ.எம்., பி.எம். கூட இலத்தீன்தானாம், உச்சிக்கு முன், உச்சிக்குப் பின். கேட்டவர், கேட்காதவர் எல்லோருக்கும் சொல்லியாயிற்று.

இந்தப் பைத்தியம் பிடித்தது கோயிலில். அவரும் மூன்று வயது மூத்த அண்ணன் மடுத்தீனும் சிறு வயதில் பூசைக்கு உதவியவர்கள். அப்போது பூசை முழுக்க இலத்தீன். பிரெஞ்சுச் சுவாமியார் பிரம்பும் கையுமாக நின்று பாடமாக்க வைத்தார். அர்த்தம் மட்டும் சொல்லித்தரவில்லை. 'மெயா குல்பா, மெயா குல்பா, மெயா மாக்சிமா குல்பா' என்று மூன்று தரம் நெஞ்சில் தட்ட வேண்டும். மூன்றாவது தட்டு யாருடையது பலம் என்று இருவருக்கும் போட்டி. மடுத்தீன்தான் எப்போதும் வெல்வார். பூசை தமிழுக்கு மாறிய பிறகுதான் அது 'என் பாவமே, என் பாவமே, என் பெரும் பாவமே' என்று விளங்கியது. பழைய பாவ அறிக்கைச் செபத்தில் பிறந்து, பிழையை ஒப்புக்கொள்கிற எவரும் சொல்கிற பேச்சாக உலகம் சுற்றிய சொல். அந்த விடியற்காலைப் பூசைகளின் மெழுகுதிரி வாசத்தையும் அண்ணனின் வெள்ளை அங்கியையும் சிமியோன் இன்றைக்கும் மறக்கவில்லை.

ஆனால் அந்தச் சொல்லை, சொல்ல வேண்டிய ஒருவருக்கு மட்டும் அவர் சொல்லவில்லை.

சண்டையில் மூடிக் கிடந்த கடல், சமாதான காலத்தில் தொழிலுக்குத் திறந்த வருசம் அது. யேசு மரித்த பெரிய வெள்ளிக்கிழமை ஒருவரும் தொழிலுக்குப் போவதில்லை. எத்தனையோ வருசம் கடலுக்காக ஏங்கிக் கிடந்த சிமியோனுக்குப் பொறுக்கவில்லை. அண்ணனிடம் ஒரு வார்த்தை கேளாமல் அவருடைய வள்ளத்தை எடுத்துக்கொண்டு போனார். தண்ணிக்கு அடியிலிருந்த கற்பாரில் மோதி வள்ளம் இரண்டாய்ப் பிளந்தது. கரைக்கு வந்து மன்னிப்புக் கேட்டிருந்தால் முடிந்திருக்கும். வள்ளம் முந்தியே உக்கல், உளுத்த மரம் என்று வாய் நீட்டினார். அன்றோடு பேச்சு நின்றது. ஆறு வருசத்துக்கு முன் சிமியோனின் மனைவி அற்புதராணி செத்தபோதும் மடுத்தீன் வாசல் மிதிக்கவில்லை. இரண்டுமே பிடிவாதக் கட்டைகள்.

வள்ளம் உடைந்து இருபத்தொரு வருசம் கழித்து மடுத்தீனின் மகள் றொசாந்தி தொலைபேசி எடுத்தாள். அப்பா தெல்லிப்பழை ஆசுபத்திரியில், இனி ஒரு கிழமை தாங்காது என்றாள். சிமியோன் அடுத்த பஸ்ஸைப் பிடித்தார். போகும் வழியெல்லாம் என்ன சொல்வது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். ஒரு வசனமும் உருப்படியாக வரவில்லை.

கட்டிலில் அண்ணன் பாதியாய்க் கிடந்தார். கண் திறந்து பார்த்தார். சிமியோனுக்கு வாயில் தமிழ் வரவில்லை. நெஞ்சில் கையை வைத்து, "மெயா குல்பா" என்றார்.

மடுத்தீன் வாய் திறந்தார்.

"மூண்டுதரம் சொல்ல வேணும். முந்தியும் நீ உப்பிடித்தான், பாதியிலை விட்டிடுவாய்."

சிமியோன் அழுதுகொண்டே இரண்டாவதைச் சொன்னார். "பிழை என்ரைதான் அண்ணை. வள்ளம் நல்ல வள்ளம்" என்றார். மூன்றாவதுக்குக் கை ஓங்கியபோது மடுத்தீன் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அது என்ரை. ராணியின்ரை செத்தவீட்டுக்கு நான் வரேல்லை."

ஊசி குத்திய கையை மெல்லத் தூக்கித் தன் நெஞ்சில் தட்டினார். அந்தச் சத்தம் பக்கத்துக் கட்டிலுக்குக்கூடக் கேட்டிருக்காது. சிமியோனுக்குக் கேட்டது. இந்த முறையும் அண்ணன்தான் வென்றார்.