மிளகாய் இலைக்குள் நடக்கும் அக்கிரமம்

மிளகாய்ச் செடியைத் தாக்கும் வைரஸை ஆராய்வது என் தொழில். "அப்போ மருந்து குடுங்க" என்று கேட்காத மனிதரை இன்னும் நான் சந்திக்கவில்லை. நுண்ணோக்கியில் குனிந்தே கழுத்தைத் தொலைத்த தோழர்களே, உங்கள் கதியும் இதுதானே?

சந்து

கணியம்பாடியில் மிளகாய் பயிரிடும் செல்வியக்கா, சுருண்டு வெளுத்த மிளகாய் இலைகளோடு வேலூரில் எங்கள் ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். "உள்ள இன்னாதான் பண்ணுது அது?" என்றார்.

செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே சுவர், சுவரில் மிகச் சின்ன துவாரங்கள் என்று படம் போட்டுக் காட்டினேன். வைரஸின் ஒரு புரதம் நேராக அங்கே போய் துவாரத்தைப் பெரிதாக்கும். அந்த வழியாக வைரஸ் பக்கத்து செல்லுக்குள் நுழைந்துவிடும்.

அக்கா படத்தையே முறைத்துப் பார்த்தார். "இது வைரஸ் இல்லம்மா, என் பங்காளி. நடக்க சந்து உட்டேன், இப்ப டிராக்டர் ஓட்டறான்."

பச்சை வெளிச்சம்

அந்தப் புரதத்தைக் கண்ணால் பார்க்க, அதோடு பச்சையாக ஒளிரும் இன்னொரு புரதத்தை ஒட்டி, சோதனைக்கென்றே வளர்க்கும் புகையிலைச் செடியின் இலைக்குள் செலுத்தினோம். நானும், ஆம்பூரிலிருந்து ரயிலில் வந்துபோகும் சக ஆய்வாளர் ஷபானாவும். வாரக்கணக்கில் நுண்ணோக்கியில் இருட்டைத் தவிர எதுவும் தெரியவில்லை. பேராசிரியர் எங்களைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார்.

ஒரு மதியம், செல் சுவரை ஒட்டிப் பச்சைப் புள்ளிகள்! ஷபானா அழுதேவிட்டாள். உடனே தோல் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் அவள் அப்பாவுக்குப் போன் போட்டாள். "அப்பா, இத்தனை நாளா தேடினது கெடச்சிடுச்சு! சுவரோரமா நிக்குது, அவ்ளோ அழகு!"

ஸ்பீக்கரில் அவர் மெதுவாகக் கேட்டார்: "பையன் இன்னா வேலை பாக்கறான்?"

காவல்

செல்வியக்காவின் வயலைப் பார்க்கப் போனேன். ஒரு மூலை முழுக்க நோய். செடியும் சும்மா இருப்பதில்லை, உள்ளே வரும் வைரஸை வெட்டிப்போட ஒரு காவல் வைத்திருக்கிறது. வைரஸின் இன்னொரு புரதம் அந்தக் காவலையே கட்டிப்போட்டுவிடுகிறது என்றேன். மருந்து கிடையாது. அசுவினிப் பூச்சி வைரஸை மற்ற செடிகளுக்குக் கொண்டுபோகும் முன்னால், நோய் கண்டதையெல்லாம் பிடுங்க வேண்டும்.

பூவும் பிஞ்சுமாக நின்ற செடிகள். அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் செடியைப் பிடுங்கினார். கண் கலங்கியிருந்தது. நானும் பக்கத்தில் குனிந்தேன். மூலை காலியானதும் சொன்னார்: "மருந்து இல்லன்னு சொல்லவா இம்மாம் படிச்ச?"

விளம்பரம்

மீதி வயல் தப்பித்தது, காய்த்துக் குலுங்கியது. அடுத்த முறை பெருமையோடு போய் இறங்கினேன். அக்கா பக்கத்து நிலத்துக்காரரைக் கூப்பிட்டு என்னை அறிமுகப்படுத்தினார்: "நல்ல பொண்ணுதான். ஆனா உன் வயலுக்குள்ள மட்டும் உட்டுடாத, பிடுங்க ஆரம்பிச்சிடும்."

வைரஸ் புரதத்துக்கு எந்தச் செல்லிலும் கதவு திறக்கிறது. அதைப் படித்தவளைக் கண்டால்தான் வயல் படலைச் சாத்துகிறார்கள்.